பைன் மரத்தின் உயரம்

இத்தாலியில், லிபெர்த்தா வீதியில் நான் என் பிள்ளையோடு தங்கி வேலை செய்த வீட்டுக்கு யன்னல் திருத்த ஒரு தமிழர் வந்தார். மெலிந்தவர். ஓரிடத்தில் நிற்கமாட்டார், எதையாவது அளந்துகொண்டே இருந்தார். முற்றத்தில் வேர் கிளம்பி நின்ற பைன் மரத்தைக் கண்டதும், சதுரத் தாளொன்றை மூலைக்கு மூலை மடித்தார். அதன் சரிந்த விளிம்பு வழியே மர நுனி தெரியும்வரை பின்னால் நடந்தார்.

"நாப்பத்தைஞ்சு பாகை, தங்கச்சி. இந்தத் தூரத்தோடை என்ரை கண்ணுயரத்தையும் கூட்டினால் மரத்தின்ரை உயரம். விழுந்தால் உங்கடை அறைக்கு எட்டும். பிள்ளையின்ரை கட்டிலை மாத்துங்கோ."

"உங்களை ஆர் அளக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. அளக்காட்டில் எனக்கு நித்திரை வராது."

வீட்டுக்காரி சிஞ்ஞோரா இதைக் கேட்டுச் சிரித்தார். நான் கட்டிலை மாற்றினேன். நான்காம் நாள் காற்றில் மரம் விழுந்தது. கட்டில் கிடந்த இடமெல்லாம் கண்ணாடியும் கிளையும்.

தேநீர்கூடக் குடிக்காமல் போன அவரிடம் பெயரைக் கேட்காமல் விட்டது இன்றும் மனதை அரிக்கிறது.