திருவிருந்தில் கடைசி ஆள்

எலிசாளின் கீழுதட்டில் முதல் வெள்ளைப் புள்ளி வந்தது 1994-இல். பழவங்காடிப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கல்யாணச் சேலைகளை விரித்துக் காட்டுவது அப்போது அவள் வேலை. தமிழும் மலையாளமும் கலக்கும் எல்லையோரப் பாறசாலைக்காரி. கல்யாணமாகி நேமத்துக்கு வந்து ஆறேழு வருடமாகியிருந்தது. கணவன் அனில் வீடுகளுக்கு மின்சார வயரிங் செய்கிறவன். எலிசாள் சிறுவயது தொட்டே பேச்சுக்காரி. பட்டு வாங்க வந்தவர்கள் அவள் பேச்சிலேயே இன்னொரு சேலையும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று கடையில் பெயர் வாங்கியிருந்தாள்.

மெடிக்கல் காலேஜ் தோல் டாக்டர் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்தார். தோலில் நிறம் உண்டாக்கும் உயிரணுக்கள் செத்துப்போவதால் வருவது, தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றார். மருந்துக்குச் சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. அவளுக்குக் கேட்கவில்லை. உதட்டிலிருந்து கன்னத்துக்கும், விரல் நுனிகளிலிருந்து முழங்கைக்கும் வெள்ளை ஏறியது.

கடை முதலாளி கோமதிநாயகம் திருநெல்வேலிக்காரர், மரியாதை தெரிந்த மனிதர். அவளைக் கூப்பிட்டு, "தப்பா நெனச்சுக்காத தாயி. கல்யாணத்துக்கு எடுக்க வாறவ சேலையைப் பாக்கறதுக்கு முன்னால எடுத்துக் காட்டுறவ கையைத்தான் பாக்கா" என்றார். சம்பளத்தில் கைவைக்கவில்லை. போர்வையும் தோர்த்துத் துண்டும் விற்கும் பின்கட்டுக்கு மாற்றினார். தோர்த்து வாங்குகிறவனுக்கு சகுனம் கிடையாது என்று எலிசாள் கூடவேலை செய்தவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். வியாபாரி தன் வியாபாரத்துக்குப் பயந்தார். அதை அவள் புரிந்துகொண்டாள். சபை எதற்குப் பயந்தது என்பதுதான் புரிய நாளாயிற்று.

நேமம் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தச் சிறிய தமிழ்ச் சபை. எல்லைப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்கள் கூடுமிடம். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து. பீடத்தின் முன்னாலுள்ள மரத் தடுப்பில் வரிசையாக மண்டியிடுவார்கள். போதகர் ஒரே வெள்ளிக் கிண்ணத்தை வாய்க்கு வாய் கொண்டுபோவார். ஒவ்வொருவரும் குடித்ததும் விளிம்பைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்குக் கொடுப்பார். எல்லோரும் ஒரே உடல் என்பதற்கு அந்த ஒற்றைக் கிண்ணம் அடையாளம் என்று ஞாயிறு பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

எலிசாளுக்கு அடுத்து மண்டியிடும் சுசீலாபாய் ஒரு மாதம் கிண்ணம் வந்தபோது வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் இடம் மாறினாள். மூன்றாம் மாதம் விஷயம் சபைக் கமிட்டிக்கு வந்தது.

கமிட்டிச் செயலாளர் ராஜையன் செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்துக்கும் ஒரு விதி இருக்கும், அதைக் கண்டெடுத்தால் யார் மீதும் பழி வராது என்பது அவர் ஆபீசில் கற்றது. டாக்டரின் சீட்டை எலிசாள் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு, அது சரீரத்துக்கு உள்ளது, இது ஆத்துமாவின் காரியம் என்றார். நாமாக எதுவும் சொல்ல வேண்டாம், வேதமே தீர்க்கட்டும் என்று மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தில் தோலில் வரும் வெள்ளைப் புள்ளிகளுக்கென்றே உள்ள அதிகாரத்தைப் புரட்டி எடுத்தார். ஆசாரியன் அவளைப் பார்க்க வேண்டும், புள்ளியில் முடி வெளுத்திருக்கிறதா, தோலைவிடப் பள்ளமாயிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், ஏழு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆசாரியனுக்கு எங்கே போவது என்று ஒருவரும் கேட்கவில்லை. போதகர் யேசுவடியான் இருக்கிறாரே.

யேசுவடியான் கெட்டவர் அல்ல. இல்லை என்று சொல்லத் தெரியாதவர். மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பீடத்துக்குப் பின்னாலிருந்த அறையில், டார்ச் விளக்கை எலிசாளின் முழங்கையில் அடித்துப் பார்த்தார். அடுத்த ஞாயிறும் பார்த்தார். புள்ளி பரவியிருந்தது, முடி வெளுத்திருந்தது. சட்டப்படி தீட்டு. சட்டம் அவளை, ஜனங்கள் கூடாரமிட்டிருக்கும் பாளையத்துக்கு வெளியே அனுப்பச் சொல்கிறது. நேமத்தில் பாளையம் இல்லாததால் கமிட்டி ஒரு சலுகை செய்தது: எல்லோரும் குடித்து முடித்த பிறகு, கடைசியாக, தனியாக வந்து அவள் குடித்துக்கொள்ளலாம்.

எலிசாள் ஒப்புக்கொண்டாள். வீட்டில் அவளே அந்த அதிகாரத்தை வாசித்துப் பார்த்தாள், எழுதியிருந்தது. எழுதியிருப்பதை மறுக்கும் குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை.

அன்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியாத சில விஷயங்கள் உண்டு. அந்தச் சட்டம் யாருக்குக் கொடுக்கப்பட்டதாக வேதம் சொல்கிறதோ, அந்த யூதர்களிடம் எலிசாள் போயிருந்தால் அவர்கள் அவளை ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். தீட்டு, தீட்டில்லை என்று சொல்லும் உரிமை ஆரோனின் வழிவந்த ஆசாரியனுக்கு மட்டும்தான். எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு, அந்தத் தீட்டையும் சுத்திகரிப்பையும் அவர்கள் நடைமுறையிலிருந்து விட்டு, படிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதிலும் அவர்களுடைய அறிஞர்கள் அதை டாக்டர் பார்க்கும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தவரைப் பற்றிப் புறம் பேசுகிறவன் தோலில் வரும் அடையாளம் என்று விளக்கம் சொன்னவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இஸ்ரவேலில் சேராதவர்களுக்கு அந்தப் புள்ளியால் தீட்டே கிடையாது என்று அவர்களுடைய பழைய விதி இருக்கிறது. பாறசாலைக்காரி எலிசாள் எந்தக் கணக்கிலும் இஸ்ரவேலுக்குள் வரமாட்டாள். சட்டத்தின் சொந்தக்காரர்கள் அதை இப்படி மனிதத்தன்மையோடு மடித்து வைத்திருக்க, சட்டம் சிலுவையோடு முடிந்தது என்று ஞாயிறுதோறும் பாடுகிறவர்கள் அதை ஒரு பெண்ணின் மேல் விரித்தார்கள்.

விரித்ததும் முழுதாக இல்லை. அதே மோசே, இந்த அதிகாரத்துக்கு இரண்டு அதிகாரம் முன்னால், செதிலும் துடுப்பும் இல்லாத நீர்ப்பிராணிகளைத் தின்னக்கூடாது என்கிறார். சபையின் ஆண்டு விருந்துக்கு விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து செதிலில்லாத கணவாய் வாங்கி வருவது ராஜையனின் பொறுப்பு. மிளகு போட்டு அவர் வீட்டில் வறுக்கும் கணவாய்க்குத் தனிப் பெயர் உண்டு. மோசே அங்கேயே விலக்கிய பன்றியை விட்டுவைத்த கிறிஸ்மஸும் அந்தச் சபையில் கிடையாது. எது தனக்குப் பிடிக்குமோ அதில் கிருபை, யார் தனக்குப் பிடிக்கவில்லையோ அவர்கள் மேல் சட்டம். உலகத்தின் எல்லா மதத்திலும் சட்டம் இப்படித்தான் ஆள் பார்த்து விழுகிறது.

அனிலுக்குப் பொறுக்கவில்லை. அவன் திருவிருந்துக்குப் போவதையே நிறுத்தினான்.

"நகரம் முழுக்க சபை கெடக்கு. இங்கேயே கெடந்து அவமானப்படணும்னு ஒனக்கு என்ன நேர்ச்சையா?"

"நான் எறங்கிப் போனா, அவங்க சொன்னது சரின்னு ஆவும்" என்றாள் எலிசாள்.

அவள் வேண்டியது சின்ன விஷயம். முன்பு உட்கார்ந்த மூன்றாம் பெஞ்சிலிருந்து எழுந்து, மற்றப் பெண்களோடு தோளோடு தோளாக மண்டியிட்டு, வரிசையில் தன் முறைக்குக் கிண்ணம் வர வேண்டும். வேறு சபையில் கிடைக்கும் கிண்ணம் அதற்கு ஈடாகாது. தன்னை எழுப்பி விட்ட இடத்திலேயே உட்கார வேண்டும் அவளுக்கு. ஆகவே மாதா மாதம் கடைசி பெஞ்சில் காத்திருந்து, எல்லோரும் எழுந்து போன பிறகு, நீளமான அந்தத் தடுப்பின் முன் ஒற்றையாக மண்டியிட்டாள். முதலில் குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குழந்தைகளும் பார்க்கவில்லை.

வருடங்கள் போயின. வெள்ளை நிற்கவில்லை. கழுத்து, முதுகு, கால், கண் இமைகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. 2003-இல் அவள் உடம்பில் பழைய நிறம் ஒரு பொட்டளவும் மிச்சமில்லை. பழவங்காடியில் ஆட்டோக்காரன் ஒருவன் அவளை வெளிநாட்டுக்காரி என்று நினைத்து, "மேடம், கோவளம் பீச்?" என்று வழிமறித்தான். அவள், "கோவளம் ஒண்ணும் வேண்டா சேட்டா, நேமத்துக்கு மீட்டர் போட்டு வருமோ?" என்று கேட்டதும் அவன் வண்டியை அணைத்துவிட்டுச் சிரித்தான். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தான். மீட்டர் மட்டும் போடவில்லை.

அந்த வருடம் வீடு சந்திப்புக்கு வந்த போதகர் யேசுவடியான், தேநீர் கொடுத்த அவள் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை, கழுத்தை. பாதி தேநீரோடு எழுந்து போனார். அன்று சாயங்காலமே திரும்பி வந்தார். இந்த முறை டார்ச் இல்லை.

அதே அதிகாரத்தில், அவளைத் தீட்டென்று சொன்ன வசனங்களுக்குச் சில வரி கீழே, வேறொரு விதி இருக்கிறது. வெள்ளை தலை முதல் கால் வரை தோல் முழுவதையும் மூடிவிட்டால், ஆசாரியன் அந்த ஆளைச் சுத்தம் என்று சொல்ல வேண்டும். ஏன் அப்படி என்று மோசே சொல்லவில்லை. பாதி வெளுத்தால் தீட்டு, முழுக்க வெளுத்தால் சுத்தம். கமிட்டியில் எல்லோரும் அன்று வாசித்த பக்கம்தான் அது. யாரும் அந்த வரிவரைக்கும் வந்து நிற்கவில்லை, போதகரையும் சேர்த்து.

"நான் உன்னை ரெண்டு தடவை பாத்தேன். இப்போ மூணாவது தடவை பாத்தாச்சு" என்றார் அவர். "நீ சுத்தமுள்ளவ. சபையில சொல்லிடுகேன்."

எலிசாள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். வருடக்கணக்கில் அழாததையெல்லாம் அழுதாள். அனில், நீ அழுக்கானதும் அவர்களால்தான், சுத்தமானதும் அவர்களால்தானா என்று முணுமுணுத்தான். அது அவள் காதில் விழவில்லை.

கமிட்டி கூடியது. எலிசாளையும் வரச் சொல்லியிருந்தார்கள். போதகர் எழுந்து அந்த வரிகளை வாசித்தார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ராஜையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போதகர் சொன்னதில் தப்பில்லை, எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான், ஆனால் பவுல் அப்போஸ்தலர் வந்த பிறகு காரியம் வேறல்லவா என்று ஆரம்பித்தார்.

"எலிசாளே, உன்னைப்பத்தி சந்தோஷந்தான். ஆனா நாம கிருபைக்குக் கீழே உள்ளவங்க. அந்தச் சட்டமெல்லாம் யூதனுக்கு உள்ளது கேட்டியா."

"அப்போ இத்தனை வருசமும் நான் யூதச்சியா இருந்தேனா சாரே?"

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். ராஜையனின் குரல் உயரவில்லை. ஆபீசில் அவர் குரல் உயர்ந்ததே இல்லை.

"தர்க்கம் பண்ணாதே. ஜனங்களுக்குன்னு ஒரு மனசு உண்டும்லா. இப்போ உள்ளபடி போகட்டும்."

சட்டம் கமிட்டியைக் கைவிட்டதும் கிருபை வந்தது. கிருபையும் அவளைக் கடைசி பெஞ்சிலேயே உட்கார வைத்தது. இரண்டு கைகளில் எது அடித்தாலும் அடி விழுவது ஒரே கன்னத்தில் என்பது எலிசாளுக்கு அன்றுதான் தெரிந்தது. எழுதியிருப்பதில் அவளுக்கிருந்த பயம் அந்த ஃபேனுக்குக் கீழே விட்டுப் போயிற்று. கடவுள் மேலிருந்த நம்பிக்கை போகவில்லை. போயிருக்கலாம் என்று அனில் இன்றும் சொல்கிறான்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு அவள் மூன்றாம் பெஞ்சில் உட்காரவில்லை. கடைசி பெஞ்சிலும் உட்காரவில்லை. போதகர் அழைத்ததும் முதல் ஆளாக எழுந்து நடந்து, தடுப்பின் இடது ஓரத்தில், கிண்ணம் தொடங்கும் இடத்தில் மண்டியிட்டாள். இனி அந்தக் கிண்ணத்தில் குடிக்கிற எவரும் அவளுக்குப் பின்னால்தான் குடிக்க வேண்டும்.

போதகர் ஒரு கணம் ராஜையன் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு கிண்ணத்தை அவள் உதட்டில் வைத்தார்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த ஆர்ஷா, யாரிடமும் கேட்காமல் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். இன்னும் சிலர் வந்தார்கள். சுசீலாபாய் பாதி தூரம் வந்து திரும்பிப் போனாள். ராஜையன் எழுந்திருக்கவே இல்லை. முக்கால்வாசி சபை பெஞ்சிலேயே உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியது. ஆசீர்வதித்த ரசத்தை மீதம் வைப்பதற்கில்லை, போதகரே குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது அந்தச் சபையின் ஒழுங்கு. முழுச் சபைக்கு ஊற்றிய ரசத்தை யேசுவடியான் பீடத்தின் முன் நின்று, மூச்சு வாங்கி மூச்சு வாங்கிக் குடித்தார். அவர் கிண்ணத்தைத் துடைக்காமல் குடித்ததைப் பெண்கள் பக்கத்தில் எல்லோரும் கவனித்தார்கள்.

எலிசாளை யாரும் தடுக்கவில்லை. சண்டைக்கும் வரவில்லை. இரண்டு மாதத்தில் கமிட்டி நாகர்கோவிலிலிருந்து கண்ணாடியில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் தருவித்தது, ஆளுக்கொன்று. சுகாதாரத்துக்கு நல்லது என்று செயலாளர் அறிவித்தார். வெள்ளிக் கிண்ணத்தைத் துணியில் சுற்றி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஒரு பெண்ணோடு சேர்ந்து குடிப்பதைவிட, எல்லோரும் தனித்தனியாகக் குடிப்பது அந்தச் சபைக்குச் சுலபமாக இருந்தது.

எலிசாளுக்கு மூன்றாம் பெஞ்சும் வரிசையில் இடமும் கிடைத்துவிட்டன. இப்போது அவள் மற்றப் பெண்களோடு தோளோடு தோளாகத்தான் மண்டியிடுகிறாள். மருந்து மூடி அளவுள்ள அந்தக் கண்ணாடிக் கிண்ணத்திலுள்ளதை ஒரே வாயில் குடித்து, தட்டில் கவிழ்த்துவிட்டு, தனக்கு இரண்டு பக்கமும் உள்ளவர்கள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே இருக்கிறாள்.