பீன்ஸோடு நறுக்கிய வார்த்தை

ஆஸ்பத்திரியில் நோயாளிகளை மைக்கில் கூப்பிடும் வேலை என் அத்தைக்கு. ‘காஸ்ட்ரோஎன்டராலஜி’ மட்டும் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். கூடமே சிரிக்கும்.

"இதை உண்டு இல்லைன்னு ஆக்கறேன் பாரு!" என்று சமையலறையில் பீன்ஸும் கத்தியுமாக உட்கார்ந்தாள். முதலில் அர்த்தத்தைப் பிரித்தாள்: "காஸ்ட்ரோன்னா வயிறு, என்டரோன்னா குடல், லஜின்னா படிப்பு." பிறகு ஒரு வெட்டுக்கு ஓர் அசை: "காஸ்-ட்ரோ-என்-ட-ரா-ல-ஜி."

"பல்லு போனவங்களுக்கா சமைக்கறே?" என்றார் மாமா, பொடிப்பொடியாகிக் கிடந்த பீன்ஸைப் பார்த்து.

மறுநாள் மைக் முன்னால், உள்ளங்கை ஓரத்தால் மேஜையை வெட்டிக்கொண்டே சொன்னாள். பிசிறில்லாமல் வந்தது! சிரிப்பே இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து டாக்டரிடம் போனார்கள்.

அன்று பீன்ஸை முழுசாகவே வதக்கினாள் அத்தை. மாமா மென்றுகொண்டே இருந்தார்.