எங்கள் கோல் காப்பாளருக்கு ஒரு சாட்சி

எங்கள் கல்லூரி அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் மெல்பேர்னில் ஆண்டுதோறும் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டி அது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பிரிவில் நாங்கள் வழக்கமாக முதற்சுற்றிலேயே தோற்று, சாப்பாட்டு வரிசையில் முன்னுக்குப் போய் நிற்பவர்கள். இந்த முறை அரையிறுதி வரைக்கும் எங்கள் வலைக்குள் ஒரு கோல்கூட விழவில்லை. அந்த ஆண்டு புதிதாக அணியில் சேர்ந்திருந்த கோல் காப்பாளர்தான் அதற்குக் காரணம். அவர் படகில் வந்தவர், தற்காலிக விசாவில் இருப்பவர், நோபல் பார்க் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். அதற்கு மேல் எங்களுக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது.

இறுதிப் போட்டிக்கு முதல்நாள் மத்தியானம் ரோவிலில், சங்கச் செயலாளர் வீட்டில் கார் விடும் கராச்சில் கூடினோம். இருந்த கதிரைகள் போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பேச விடவில்லை.

“நாளைக்குக் கப் எங்களுக்குத்தான்,” என்றார் பல் வைத்தியர். எங்கள் மாற்றுக் கோல் காப்பாளர் அவர். அந்த ஆண்டு முழுவதும் வெளியில்தான் இருந்தார்.

“எப்பிடி? எங்கட பின்வரிசையில நாலு பேருக்கும் முழங்கால் சரியில்லை.”

“அவங்களுக்கு மட்டும் சரியோ? முன்னுக்கு ஓடுறவர் போன மாதம்தான் பைபாஸ் செய்தவர்.”

“அது அவரில்லை, அவற்ற தமையன்.”

“ஆராவது ஒருத்தருக்கு நடந்ததுதானே.”

யார் சொல்வதைக் கேட்டாலும் அது சரிபோலத்தான் எனக்குப் பட்டது. நாங்கள் வெல்வோம் என்றார்கள், தலையாட்டினேன். தோற்போம் என்றார்கள், அதற்கும் ஆட்டினேன். அப்போதுதான் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

எதிரணி ஆட்சேபம் தெரிவித்திருக்கிறதாம். எங்கள் கோல் காப்பாளர் எங்கள் கல்லூரியில் படித்தவர்தானா என்று கேட்கிறார்களாம். அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. அவரோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவர், ஆட்டத்துக்கு முன் ஏற்பாட்டுக் குழுவின் முன்னால் வந்து சொன்னால் போதும். அது சங்கங்களுக்குள் இருக்கும் வழமை. போரில் எத்தனையோ பேரின் சான்றிதழ்கள் அழிந்துவிட்டன என்பதால் வந்த வழமை.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்ன ஆண்டில் எங்கள் கல்லூரியின் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் மெல்பேர்னில் இருப்பவன் நான் ஒருவன்தான்.

“எனக்கு இந்தாளை ஞாபகம் இல்லை,” என்றேன்.

“வடிவா யோசிச்சுப் பாரும் தம்பி,” என்றார் செயலாளர். “நல்ல உயரமான ஆள்.”

“ஒன்பதாம் வகுப்பிலயும் உயரமாத்தான் இருந்திருப்பாரோ?”

“அவர் இல்லாட்டி நாளைக்கு நான்தான் கோலுக்க நிக்கோணும்,” என்றார் பல் வைத்தியர். அதைக் கேட்டதும் இருந்தவர்கள் கதிரைகளை என் பக்கம் திருப்பிப் போட்டார்கள். என் ஞாபகசக்திமேல் இத்தனை பேர் நம்பிக்கை வைத்தது என் வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான்.

பின்னேரமே நோபல் பார்க்குக்குப் போனேன். நாலு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்கு ஒருமாதிரியாகிவிட்டது. பயிற்சியில் எங்களையெல்லாம் ‘ஓடுங்கோ, ஓடுங்கோ’ என்று விரட்டுகிறவர், இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக நின்றார். மேசையில் பிளாஸ்டிக் உறைகள் நிறைந்த ஒரு ஃபைல் இருந்தது. மனைவி பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். ஏதோ விசாரணைக்கு வந்த அதிகாரி மாதிரி நான் மேசைக்கு முன்னால் போட்டிருந்த கதிரையில் இருந்தேன். வெட்கமாக இருந்தது. இருந்தும் கேட்டேன்.

“கல்லூரிக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது?”

“தெரியாது, சேர்,” என்றார். “நான் அந்தக் கட்டடத்தைக் கண்டதில்லை.”

அவர் சேர்ந்தது, போரால் நாங்கள் இடம்பெயர்ந்த காலத்தில். ஊரே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, எங்கள் கல்லூரி அங்கே இன்னொரு பள்ளிக்கூடத்தின் பின்வளவில் கொட்டில் போட்டுப் பின்னேரங்களில் நடந்தது. வந்தவர்களையெல்லாம் சேர்த்தார்கள். ஆறு மாதம் அங்கே படித்தாராம்.

“அதுக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகேல்லை. அதாலதான் இந்தக் கல்லூரியெண்டு சொல்லுறனான். நீங்கள் எத்தினை நாள் அந்தக் கொட்டில்ல இருந்தனீங்கள்?”

“மூண்டு கிழமை. பிறகு நாங்கள் கொழும்புக்குப் போட்டம்.”

“அப்ப நான் வரேக்க நீங்கள் இல்லை,” என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. கணக்குச் சரி என்பதுபோல் தலையை அசைத்தார்.

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் அவரைக் கண்டதில்லை என்பதும் உண்மை. கண்டேன் என்றால் பொய். காணவில்லை என்றால் ஓர் உண்மையான மாணவனை வெளியே தள்ளியவனாவேன். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். விடியும்போது கொட்டிலின் கடைசி வரிசை வாங்கில் உயரமான ஒரு பொடியன் இருப்பது போலவே தெரிந்தது. அது ஞாபகமா, நானாக இருத்தி வைத்த ஆளா என்று பிடிபடவில்லை.

மறுநாள் மைதானத்தில், குழுத் தலைவரின் கூடாரத்துக்குள் எங்கள் இருவரையும் அழைத்தார்கள். எதிரணிச் செயலாளரும் நின்றார்.

“இவரை உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்,” என்றேன். “என்னோட படிச்சவர். எனக்குப் பின் வாங்கில இருந்தவர்.”

சொன்னபோது எனக்கு ஒரு துணிச்சலும் நிம்மதியும் வந்தன. தலைவர் பேனையை எடுத்தார். அப்போது கோல் காப்பாளர் பணிவாகச் சொன்னார்:

“இல்லை, சேர். இவர் பிழையாச் சொல்லுறார். நான் சேரேக்க இவர் கொழும்புக்குப் போட்டார்.”

தலைவர் பேனையை மூடினார். எதிரணிச் செயலாளரே என்னைப் பாவமாகப் பார்த்தார்.

பல் வைத்தியர் கோலுக்குள் நின்றார். மூன்று கோல் விழுந்து தோற்றோம். எங்கள் ஆட்கள் என்னைத் திட்டினார்கள், பிறகு என்னை மறுத்துச் சொன்னவரைத் திட்டினார்கள், கடைசியில் நடுவரைத் திட்டினார்கள். விளையாட முடியாமற்போன எங்கள் கோல் காப்பாளர் மட்டும் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, “இடப்பக்கம், டொக்டர், இடப்பக்கம்,” என்று கடைசி விசில் வரைக்கும் கத்திக்கொண்டிருந்தார்.

கார்த் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்தேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“நான்தானே சொன்னனான். நீங்கள் ஏன் மறுத்தனீங்கள்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இருந்தது.

“நேற்று நீங்கள் ஒண்டு சொன்னனீங்கள், இண்டைக்கு வேற ஒண்டு சொல்லுறியள். அப்பிடி முரணா வந்தா விடமாட்டாங்கள். என்ர அகதி விசாக் கேசில நான் சொன்ன திகதி ரெண்டு கிழமை மாறிப்போச்சு. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் இவ்வளவு வருசமும் இழுக்கிறாங்கள். என்னால உங்களுக்கும் அப்பிடி ஒரு கரைச்சல் வரக்கூடாது.”

என்னிடம் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பதினைந்து வருடமாகச் சங்கத்தில் இருக்கிறேன், என் சான்றிதழை ஒருவரும் கேட்டதில்லை. அதைச் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“உங்களுக்கு ஆர் சாட்சி சொன்னது?” என்று அவரே கேட்டார். நடைமுறையைத் தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டதுதான், குத்தலாக இல்லை.

“ஒருத்தரும் இல்லை,” என்றேன்.

“ஓ,” என்றார். சங்கத்துக் கையுறைகளைப் பையிலிருந்து எடுத்து, ஒழுங்காக மடித்து, என் கையில் தந்துவிட்டுப் போனார்.