காருக்குள்ளேயே இருந்தவர்

என் கணவர் கோயிலுக்கு வருவார், உள்ளே வரமாட்டார். கியூபெக்கில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற ஊர்க் கோயில் வாசலில் காரை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஃபோனில் கிரிக்கெட் பார்ப்பார். “என்ர பங்குக்கும் சேர்த்து நீர் கும்பிட்டிட்டு வாரும். வடை குடுத்தால் மறந்திடாதையும்” என்பார். கொழுப்பு! பனியில் சேலையும் வேட்டியுமாக நடுங்கிப் போகிற சனமெல்லாம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகும். எனக்கு மானம் போகும்.

நான் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பவள். நாள் முழுக்கத் திரையில் மூளைகளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பக்தி கூடிக்கொண்டே போனது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“முட்டைக்கோவா இலை மாதிரி மடிப்பு மடிப்பாய் இருக்கு. பேச்சுக்கு ஒரு இடம், கைக்கு ஒரு இடம். இதெல்லாம் தானாய் வந்ததெண்டோ சொல்லுறியள்?”

வழக்கம்போல நக்கலடிப்பார் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. “ஐயர் சொன்னால் நான் நம்பமாட்டன். நீர் கண்ணாலை காணுறனீர். நீர் சொன்னால் யோசிக்கத்தான் வேணும்” என்றார்.

அடுத்த வெள்ளி காரை நிறுத்திவிட்டு இறங்கினார். சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னோடு உள்ளே வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்தால் கடவுள் தூரப் போவார் என்று யார் சொன்னது என்று கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் பீற்றினேன்.

போன மாரிக் குளிரில் அவருக்குச் சொற்கள் தவறத் தொடங்கின. கரண்டியைக் காட்டி “அது… அதை எடும்” என்பார். வயது போய்விட்டது என்று நான்தான் சிரித்தேன். பிறகு வலது கையும் சோர்ந்தது.

ஸ்கானை என்னோடு வேலை செய்யும் கியூபெக்காரி எடுத்தாள். நான் வெளியே இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை, அவள் பின்னால் போய் நின்றேன். அவள் திரும்பாமலே என் கையைப் பிடித்தாள்.

கட்டி இடது பக்கத்தில், பேச்சு இருக்கிற இடத்திலேயே இருந்தது. அதற்கும் இரத்தக் குழாய்கள் போயிருந்தன. பிள்ளைக்குப் பால் கொடுப்பதுபோல, அவ்வளவு கவனமாக அதை ஊட்டி வளர்த்திருந்தது உடம்பு. இத்தனை வருடமும் எந்தக் கைவேலையைக் கண்டு உருகினேனோ, அதே கைவேலை. மடிப்புகளைச் செய்தவன் கடவுள் என்றால் இதை யார் செய்தது? வேறு யாரோ என்று சொல்ல என் படிப்பு விடவில்லை. கொஞ்ச நாள் அவனைத் திட்டினேன். இப்போது திட்டவும் அங்கே ஆளில்லை.

வெட்டி எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறார்.

போன வெள்ளி வாசலில் நான்தான் அவருடைய சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். மூலஸ்தானத்துக்கு முன்னால் மணி அடிக்கத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

“நீர்… கண்டனீர்… உள்ளுக்கை. இருக்கிறார்… தானே?”

அவருக்கு வேறு சாட்சி இல்லை.

“ஓம்” என்றேன். “இருக்கிறார்.”

அவர் என் சொல்லை நம்பிக் கண்ணை மூடினார். விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கும்பிடக் கை ஒழியவில்லை. ஒழிந்திருந்தாலும் நான் கும்பிட்டிருக்கமாட்டேன்.