பாதி யன்னல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆக்லாந்தின் மவுண்ட் ஈடனில் ஒரு வீட்டு வாசலில் செருப்புகளும் சப்பாத்துகளும் குவிந்து கிடக்கக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். வீடு விற்பனைக்கு வந்திருந்தது. ஓப்பன் ஹோம் என்று பார்வைக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். புதிதாக மெருகிட்ட தரையில் கீறல் விழக்கூடாதாம். வருகிற எல்லோரிடமும் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே போகும்படி விற்பனை முகவர் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அதே முன்விறாந்தையில், ஏறக்குறைய அதே மூலையில், எங்கள் காலணிகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் கிடந்தன. எங்களை ஒருவரும் கேட்டதில்லை, நாங்களாகவே கழற்றினோம். இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்துகள், ரப்பர்ச் செருப்புகள், முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவரின் வெள்ளைச் சப்பாத்து. மழைக்காலத்தில் ஈரத்தோல் மணம் கதவைத் தாண்டி வரும். இப்போது உள்ளிருந்து வந்தது வனிலா மணம். கேக் சுட்ட வாசனை வந்தால் வாங்க வருகிறவர் மனம் இளகும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களின் நம்பிக்கை போலும்.

என்னை அங்கே அழைத்து வந்தவள் ஷெரின். ஆறு வயதில் மன்னாரிலிருந்து வந்து இந்த வீட்டில் இறங்கியவள். "அங்கிள், எங்கட பழைய வீடு மார்க்கெட்டுக்கு வந்திருக்கு, ஜஸ்ட் போய்ப் பாப்பம்" என்றாள். வாங்கும் எண்ணம் எதுவும் இல்லை. நகரின் மேற்கோரத்து ரானுயியில் வாங்கிய வீட்டுக்கு அவளுக்கு ஏற்கெனவே ஒரு மோர்ட்கேஜ் இருக்கிறது. இந்த ஒரு வீட்டின் விலைக்கு ரானுயியில் தன் தெருவையே வாங்கிவிடலாம் என்று பகிடி விட்டாள். அவளுடைய தகப்பன் அன்ரன் அண்ணை மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் இருந்திருந்தால் இந்த அழைப்பு அவருக்குப் போயிருக்கும்.

ஆக்லாந்தில் 'வில்லா' என்ற சொல்லுக்கு உள்ள பொருளை இங்கே வந்து வாழ்ந்தவர்களே அறிவார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில் இந்நாட்டுக் கவுரி மரத்தால் கட்டப்பட்ட உயரக் கூரை வீடுகள் எல்லாம் இங்கே வில்லாதான். முகப்பில் மரச்சரிகை தொங்கும். உள்ளே கூரை ஒழுகும். இரண்டையும் சேர்த்தே வில்லா என்பார்கள். எங்கள் வீட்டுக்காரக் கிழவர் சொன்ன வரலாற்றின்படி, இதைக் கட்டியவர் ஒரு மர வியாபாரி. பின்னர் ஒரு வைத்தியர் குடியேறி முன்னறையில் நோயாளரைப் பார்த்தார். அதன்பின் தனியாள்களுக்கான போர்டிங் ஆயிற்று. கதவுகளில் பித்தளை இலக்கங்கள் ஏறின. பிறகு மாணவர்கள். கடைசியாக நாங்கள். ஒவ்வொரு தலைமுறைப் பயன்பாட்டுக்கும் இந்த வீடு ஒரு சுவரைப் பெற்றிருக்கிறது, அல்லது ஒரு கதவை இழந்திருக்கிறது.

மர வியாபாரியின் மிச்சமாகச் சமையலறைச் சுவரில் ஒரு மணிப்பலகை இருந்தது. எந்த அறையிலிருந்து எசமானர் அழைக்கிறார் என்று வேலைக்காரருக்குக் காட்டுவது. மணிகள் போய்விட்டன, அறைகளின் பெயர்கள் மட்டும் மங்கித் தெரிந்தன. எங்களோடு குடியிருந்த, மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த பத்மா அக்கா அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவார். "டிராயிங் ரூம் ரெண்டு பேரும் வாங்க லா, சோறு ஆறுது."

அந்த இரண்டு பேர் அன்ரன் அண்ணையும் நானும். "டிராயிங் ரூம் எண்டால் படம் கீறுற அறையோ, தம்பி?" என்று அவர் ஒருநாள் கேட்டார். விருந்துக்குப் பின் பெண்கள் ஒதுங்கிச் சென்று அமர்வதற்கான அறை அது, ஒதுங்குதல் என்று பொருள்படும் 'வித்ட்ராயிங்' என்ற சொல்லே தேய்ந்து அப்படி ஆயிற்று என்று நான் நீண்ட விளக்கம் கொடுத்தேன். சமூகவியல் பட்டத்தோடு வந்து மவுண்ட் வெல்லிங்டன் களஞ்சியமொன்றில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு, விளக்கம் சொல்லக் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்கள் ரெண்டு பேரும்தான் ஒதுங்கி இருக்கிறம்" என்றார்.

ஒதுங்கித்தான் இருந்தோம். வீட்டுக்காரர் அந்த அறையின் நடுவே மெல்லிய பலகையால் ஒரு சுவர் எழுப்பி ஒன்றை இரண்டாக்கியிருந்தார். கூரையின் நடுவே சாந்தில் வார்த்திருந்த அலங்காரப் பூவில் ஆளுக்குப் பாதி. தெருவை நோக்கி வளைந்து புடைத்த பெரிய யன்னலிலும் ஆளுக்குப் பாதி. கணப்படுப்பு அவர் பக்கம் போயிற்று. அதன் மேல் மாதாவின் படம் வைத்திருந்தார். அவருடைய பாதி யன்னலில் நீலத் திரை. என்னுடையதில், எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போன, செம்மஞ்சள் நிறத்தில் பெரிய பெரிய பூக்கள் போட்ட திரை. மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்ரன் அண்ணையின் மனைவி யசிந்தாவும் குழந்தையும் மன்னாரில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். வீட்டின் ஒரே தொலைபேசி நடைக்கூடத்தில் இருந்தது. அதில் பேசுவதை முழு வீடும் கேட்கும். எப்படிப்பட்ட வீடு என்று யசிந்தா கேட்டபோது, "வில்லா" என்றார் இவர். பொய்யில்லை; எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். யசிந்தாவின் கேள்விகளை இவர் திருப்பிச் சொல்லிப் பதில் கொடுத்தது எங்களுக்கும் கேட்டது: "கடற்கரைப் பக்கமோ? இல்லையப்பா... ஓம், பெரிசுதான்... சரி, படம் எடுத்து அனுப்புறன்."

படம் எடுத்தவன் நான். என் குளிர்ச்சட்டையை அவருக்குப் போட்டு, கேற்றடியில் நிறுத்தி, குப்பைத் தொட்டியும் உடுப்புக் கொடியும் விழாதபடி வெகு கவனமாக இடம் தேர்ந்து எடுத்தேன். படம் போய்ச் சேர்ந்தபின் யசிந்தா சொன்னது "நல்ல வீடு" என்பது மட்டுமே. அந்த இரண்டு சொற்கள்தான் அவரை வாட்டின.

விசா வந்தது. மகிழவேண்டிய மனிதர் சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அவளுக்கு அங்க சொந்த வீடு, தம்பி. முத்தம், கிணறு எல்லாம் இருக்கு. ஷெல்லுக்குத் தப்பி நிண்ட வீடு. அதைப் பூட்டிப்போட்டு வாறாள். வந்து பாதி அறையைப் பாத்தால், நான் ஏமாத்திப்போட்டன் எண்டுதானே நினைப்பாள்?"

சுவரை எடுத்துவிடலாமே என்று முதலில் சொன்னது பத்மா அக்கா. தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னார். அதே முடிவுக்கு வர எனக்கு வாரங்கள் பிடித்தன. வீட்டுக்காரர் சம்மதிப்பாரா, சுவர் கூரையைத் தாங்குகிறதா, நான் எங்கே போவது, போனால் அவர்கள் என்னிடம் கடன்பட்டவர்களாக உணர மாட்டார்களா என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். "நீர் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவள் வந்து திரும்பியும் போயிடுவாள்" என்றார் அன்ரன் அண்ணை. கடைசியில், நான் எங்கே போவது என்ற ஒரே ஒரு கேள்விதான் எஞ்சியது. வீட்டில் வேறு காலியிடம், பின்விறாந்தையைக் கண்ணாடியால் அடைத்த சிறு அறை மட்டுமே. குளிர்காலக் காலைகளில் அதன் கண்ணாடியெல்லாம் நீர் வழியும். அங்கே ஒரு குழந்தை படுக்க முடியாது. நான் படுக்கலாம்.

வீட்டுக்காரர் தோளைக் குலுக்கினார். தானே ஒரு சனிக்கிழமை வைத்த சுவர், இன்னொரு சனிக்கிழமை போகட்டும், ஆட்கள் குறையாவிட்டால் சரி என்றார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். கடைசிப் பலகை சாய்ந்தபோது, அறையின் மறுபக்கத்து வெளிச்சம் என் பக்கத்துக்கு வந்து விழுந்தது. மூவரும் மேலே பார்த்தோம். சாந்துப் பூ முழுதாக இருந்தது. "எவ்ளோ பெரிய பூவு, அநியாயத்துக்கு வெட்டி வச்சிருக்கான்" என்றார் பத்மா அக்கா. பழைய திரைகளைக் கழற்றிவிட்டு, யன்னல் முழுவதற்கும் ஒரே வெள்ளைத் திரையை அவரே தைத்து மாட்டினார்.

யசிந்தா வந்த அன்று நாங்கள் எல்லோரும் அந்த அறை வாசலில் நின்றோம். ஷெரின் வெறுந்தரையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடினாள். யசிந்தா கூரையைப் பார்த்தார், மாதாவின் படத்தைப் பார்த்தார், யன்னலருகே போய்ப் புதுத் திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பிக் கேட்டார்:

"பூப்போட்ட கேர்ட்டின்காரர் இப்ப எங்க படுக்கிறார்?"

"ஆர்?" என்றார் அன்ரன் அண்ணை.

"படத்தில ஒரு யன்னலுக்கு ரெண்டு கேர்ட்டின் கிடந்தது. ஒரு பக்கம் நீலம், மற்றப் பக்கம் பெரிய பூ. நடுவில சுவர் இல்லாட்டி ஆர் அப்பிடிப் போடுவினம்? நீலம் உங்கட. உங்களுக்குப் பூ பிடியாது."

"பூவு நம்ம தம்பியோடதுதான் லா" என்று பத்மா அக்கா என்னைக் காட்டிக்கொடுத்தார். குப்பைத் தொட்டியை மறைத்த மேதை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரிஞ்சுமா நல்ல வீடு எண்டனீ?" என்றார் அன்ரன் அண்ணை.

"ரெலிபோனடியில ஆர் ஆர் நிண்டு கேக்கினமோ எண்டு வேற ஒண்டும் சொல்லேல்ல" என்றார் யசிந்தா. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, உங்கட இடத்தைக் காட்டுங்கோ" என்றார். பின்னறைக் கண்ணாடியின் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அன்று பின்னேரமே என் பூத்திரை தோய்த்துக் காய்ந்து அந்தக் கண்ணாடிக்கு வந்துவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்று அதன்பின் நான் நினைக்கவில்லை.

பின்னர் அவர்கள் நகரின் தெற்கே பாபடோயிட்டோயில் வீடெடுத்துப் போனார்கள். நானும் பத்மா அக்காவும் வேறு வேறு திசைகளில் போனோம். வீடு ஒரு கணக்காளர் அலுவலகமாகியது. புல்வெளியில் கார்கள் நின்றன. பிறகு குழந்தைகள் காப்பகம். இன்று வீட்டு வசதி பற்றிய அறிக்கைகள் எழுதுவது என் தொழில். ஒரே குளியலறையும், தீப்பிடித்தால் ஓட ஒரே வழியும் கொண்ட அப்படியொரு வீட்டுக்கு இன்று என்னால் அனுமதி பரிந்துரைக்க இயலாது. அத்தகைய வீடுகளை மூடியபோது அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கும் என் அறிக்கைகளில் நிறைவான பதில் கிடையாது.

முன்னறையில் முகவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: இந்த அறையை அதன் மூல அளவுக்கே மிகுந்த செலவில் மீட்டெடுத்திருக்கிறார்களாம். ஷெரின் தரையைப் பார்த்து நின்றாள். பளபளக்கும் கவுரிப் பலகைகளின் குறுக்கே, மரத்தூள் பசையால் அடைத்த ஆணித்துளைகள் நேர்வரிசையாக யன்னலின் நடுவரை ஓடின. "வாட் ஆர் தீஸ் டொட்ஸ், அங்கிள்?" என்றாள். அவளுக்குத் தெரியாது. அவள் ஓடி விளையாடியது முழு அறையில். நான் சொல்லச் சொல்ல, காலுறையிட்ட பெருவிரலால் அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

நாங்கள் வெளியே வந்தபோது விறாந்தையில் எங்கள் இரண்டு சோடிகள் மட்டுமே கிடந்தன. முகவர் 'ஓப்பன் ஹோம்' விளம்பரப் பலகையை மடித்துக் காரில் ஏற்றினார். ஷெரின் தெருவின் மறுபக்கம் போய், நான் அன்று படமெடுக்க நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று, வீட்டைப் படமெடுத்துத் தாய்க்கு அனுப்பினாள். நாங்கள் காரை அடையுமுன் அவளுடைய கைபேசியில் யசிந்தா அக்காவின் குரல் வந்துவிட்டது.

"பெயின்ற் எல்லாம் வடிவாய் அடிச்சிருக்கினம். ஆனால் முன் யன்னலில ஒரு கேர்ட்டினையும் காணேல்ல, பிள்ளை. அங்க ஒருத்தரும் இல்லைப் போல."