வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

எங்கள் லைன் சூப்பர்வைசரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் தொழிற்சாலை அது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த நான், சுங்குவார்சத்திரத்தில் சில பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். கம்பெனி பஸ் விடியும் முன்பே வந்துவிடும். சாப்பிட நேரமிருக்காது. ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை. இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் போதும், அந்த ஆள் வந்து நிற்பார். சட்டைப் பையில் எப்போதும் வலி மாத்திரை அட்டை இருக்கும்.

“இந்தா, போட்டுக்கினு வேலயப் பாரு. லைன் நிக்கக் கூடாது.”

சாப்பிட்டோமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வலி அடங்கியதால் நாங்களும் வாங்கி விழுங்கினோம். சில வாரங்களில் எனக்கு நெஞ்சுக்குக் கீழே எரியத் தொடங்கியது. அவரிடம் சொன்னேன்.

“கேஸா இருக்கும். சோடா குடி.”

ஒரு முற்பகலில் லைனிலேயே வாந்தி எடுத்தேன். காப்பித்தூளைக் கரைத்து ஊற்றியது போலக் கறுப்பாக இருந்தது. அவர் முதலில் குனிந்து பார்த்தது என்னை அல்ல, ஒயர்களை.

“இன்னாம்மா இது, மெட்டீரியல் மேலல்லாம் பட்டுகீது!”

லைனில் என் பக்கத்தில் நின்ற அறைத்தோழிதான் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, வயிற்றின் உட்சுவரில் ரத்தம் கசிந்துகொண்டிருந்த புண்ணைத் திரையில் காட்டினார்.

“வயித்துல சுரக்கிற ஆசிட் கறியையே கரைச்சிடும். அது வயித்தையே அரிக்காம இருக்கத்தான் உள்ள வழவழன்னு ஒரு பூச்சு சுரந்துகிட்டே இருக்கு. நீ முழுங்கின வலி மாத்திரை அந்தப் பூச்சையே கொறைச்சிடும். அப்புறம் ஆசிட் நேரா சதையில படும். யாரும்மா இத எழுதிக் குடுத்தது?”

“சூப்பர்வைசர் சார்.”

டாக்டரம்மா பேனாவை எடுத்து, அந்த மாத்திரை இனி கூடவே கூடாது என்று சீட்டில் எழுதினார்.

நான் கேட்காமலேயே என்னைக் காத்துவந்த ஒன்றை, லைன் நிற்கக் கூடாதென்று அந்த ஆள் அழித்திருக்கிறார். புண்ணைவிட அந்த நினைப்புதான் அதிகம் எரிந்தது.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய அன்றே, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் அவர் மாத்திரையை நீட்டிக்கொண்டிருந்தார். அட்டையைப் பிடுங்கினேன்.

“என்ன சார் செய்யுதீய? சாப்பிடாத பிள்ளைக்கு இதக் குடுக்காதீய. எனக்கு வயிறே புண்ணாப் போச்சு.”

“உன் வயிறு வீக்கு. அதுக்கு நா இன்னா பண்றது?”

“அப்ப நீங்க தெனமும் வெறும் வயித்துல முழுங்குங்க சார். பாப்போம்.”

லைனில் சிரிப்பு எழுந்தது. மறுநாளே என்னை அட்டைப்பெட்டி அடுக்கும் வேலைக்குத் தள்ளினார். நான் விடவில்லை. அறைத்தோழியோடு மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். இனி கம்பெனி நர்ஸ் மட்டும்தான் மாத்திரை தரலாம் என்று உத்தரவு வந்தது. ஆனால் சூப்பர்வைசரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஒரு நாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“இன்னாம்மா, இப்ப தேவலையா?”

தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய், நிதானமாகச் சாப்பிட்டேன்.