அவளை மட்டும் வேண்டாம் என்று ஜெபித்தேன்

என் புருஷனையும் என் தறியையும் தேவன் காப்பாற்றினார். எப்படி என்று சொல்கிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மழை. என் வீட்டுக்காரர் டைபாய்டில் விழுந்தார். தறியில் ஒரு கல்யாணச் சேலை பாதியில் நின்றது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று சேர்த்து நெய்கிற கோர்வைச் சேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து இடக்கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிவேன். பட்டு கொடுத்த முதலாளி வந்து பார்த்தார்.

"பத்து நாள்ல சேல வரலன்னா பாவ அறுத்துக்கினு போயிடுவேம்மா."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றிய பட்டு நூல். அது போனால் வேறு யாரும் பாவு தர மாட்டார்கள். அடுப்பு எரியாது. "நானே நெய்யிறேன்" என்றேன்.

"பொம்பள குழியில எறங்கறதா? கோர்வ நிக்காது" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் இடப்பக்கம் உட்கார ஆள் இல்லை. எங்கள் சபையில் யாருக்கும் கோர்வை தெரியாது. தெரிந்தவள் அடுத்த தெருவில் இருந்த என் ஓரகத்தி ஒருத்திதான். நாங்கள் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. "ஆண்டவரே, யாரை வேண்டுமானாலும் அனுப்பும், அவளை மட்டும் வேண்டாம்" என்று மூன்று நாள் ஜெபித்தேன். ஈ காக்கா கூட வரவில்லை.

நாலாம் நாள் ஞாயிறு. போதகர் உபாகமம் ஆறாம் அதிகாரத்தை விளக்கினார். முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழுப் பலத்தோடும் தேவனை நேசிக்கச் சொல்கிற பகுதி. இருதயத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். ஆராதனை முடிந்ததும் போய்க் கேட்டேன்.

"பலம்னு ஒன்னு போட்டிருக்குதே, அதப் பத்தி ஒன்னும் சொல்லலியே ஐயா?"

"அன்பு மனசுல இருந்தா போதும்மா. நீ வீட்ல ஜெபம் பண்ணிக்கினு இரு."

"மனசே போதும்னா பலத்த எதுக்கு எழுதியிருக்குது? ஆம்பள பலம்னும் போடலியே?"

அவர் வேதாகமத்தை மூடி எடுத்துக்கொண்டு நகர்ந்தார். எனக்கோ கேட்ட கேள்வியே திரும்பி வந்து குத்தியது. இருதயத்தை ஆண்டவருக்குக் கொடுத்தவள் காலைக் கொடுக்கவில்லையே! அந்தத் தெருவுக்கு நடக்க மாட்டேன் என்று அவருக்கே சட்டம் போட்டிருந்தேனே! நேராக ஓரகத்தி வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, அவுருக்கு ஒடம்பு சரியில்ல. எடக்கர போட ஆளில்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத கேக்க இத்தினி நாளாடி? உன் சாமி உனக்கு, என் சாமி எனக்கு. காலைல வரேன், போ."

சொன்னபடி வந்தாள். தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஜெபித்துவிட்டுக் குழியில் இறங்கினேன். ஆறே நாளில் சேலையை முடித்தோம். முதலாளி கோர்வையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அடுத்த பாவைக் கொடுத்தார்.

"வேறு சாமி கும்பிடுகிறவள் செய்த உதவி எப்படி ஜெபத்துக்குப் பதிலாகும்?" என்று சபையில் சிலர் கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். நான் தேவனிடம் கேட்டது ஒரு கை. அவர் கொடுத்த கையை நெற்றியைப் பார்த்தா வாங்குவது?

மாதக் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு ஜுரம் விட்டது. தேறி எழுந்தவர் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். ஏழு வருஷமாகிறது. இன்றும் குழியில் நான்தான்.

சகோதர சகோதரிகளே, நடக்க மாட்டேன் என்று நீங்களும் ஒரு தெருவை ஒதுக்கி வைத்திருப்பீர்கள். முழங்காலில் நின்று கேளுங்கள், அவர் கேட்கிறார். பிறகு எழுந்து அந்தத் தெருவுக்கே நடங்கள். அங்கே அவர் ஆள் வைத்திருக்கிறார்.